வாசலில் நிற்கும் பெண்ணும் 9 வோல்ட் பேட்டரியும்



இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். மெட்டல் டிடெக்டருக்கு எந்த ரீசார்ஜ் பேட்டரி வாங்குவது, அதை எப்படிச் சார்ஜ் போடுவது, இதுதான் பாடம். "ரிட்டயர் ஆன டீச்சருக்கு எதுக்குங்க மெட்டல் டிடெக்டர்?" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. எனக்கு இல்லை. எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். உங்களில் பாதிப்பேர் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான். கண்டுபிடித்தாலும் கீழே எழுதாதீர்கள்.

அவள் இப்போது கோயம்புத்தூரில் ஒரு தனியார் செக்யூரிட்டி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலை 8 முதல் இரவு 8 வரை நின்றபடி வேலை. வணிக வளாக வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, வருகிற பெண்களைக் கைக்கருவியால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்புவாள். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், பரீட்சை மையம் என்று கம்பெனி எங்கே அனுப்பினாலும் இதே வேலைதான்.

அந்தக் கருவிக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். மைக்கில் போடுவார்களே, மேலே இரண்டு பொத்தான் வைத்த செவ்வகக் கட்டை, அதுதான். கம்பெனி மாதத்துக்கு ஒன்று தருகிறது. அது பத்து நாளில் தீர்ந்துவிடும். மீதி நாளுக்கு அவள் கைக்காசு. ஒருநாள் சூப்பர்வைசர் பையில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு சோதனைக்கு வந்திருக்கிறார். கருவி வாயே திறக்கவில்லை. "நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

பயந்துபோய், கூட வேலை செய்கிற பெண் சொன்னாள் என்று ஆன்லைனில் ஒரு ரீசார்ஜ் பேட்டரி வாங்கியிருக்கிறாள். செல்போன் சார்ஜர் வயரையே நேராகக் குத்திக்கொள்ளலாம், மேலே பெரிய பெரிய எண்கள். அதைப் போட்டதும் கருவி சும்மா காற்றில் ஆட்டினாலே கத்துகிறது. வருகிற பெண்களெல்லாம் முகம் சுளிக்கிறார்கள்.

ஏப்ரல் மாதக் கடைசியில் எனக்குப் போன் வந்தது. "டீச்சர், மே மாசம் நீட் பரீட்சை டூட்டி போட்டிருக்காங்க. அங்க மிஷின் கத்தாம இருந்தாலும் என்னைய திட்டுவாங்க, சும்மா கத்துனாலும் திட்டுவாங்க. ஒன்றரை மணிக்கு வாசல மூடிருவாங்க. நான் என்ன பண்றதுங்க?"

"ஞாயித்துக்கிழமை மிஷினையும் பேட்டரியையும் எடுத்துட்டு வீட்டுக்கு வா கண்ணு" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருடம் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் என்பது உறவுகளுக்குத் தெரியும். மல்டிமீட்டர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அவர் மீட்டர் பிடித்தார், நான் கணக்குப் போட்டேன், அவள் நோட்டில் எழுதினாள். அன்றைக்கு நடந்ததை உங்களுக்கும் பாடமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பொம்மைக்கும் டார்ச்சுக்கும் இதே கணக்குதான்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். அந்தக் கைக்கருவிக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகிறது. பக்கத்தில் உலோகம் வந்தால் அந்த உலோகத்துக்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் பிறந்து, காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைத்துவிடும். கருவி அந்தக் கலைப்பை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. எட்டாம் வகுப்பில் ஆணியில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்தோமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல், 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட இப்படி ஒரு கருவியைக் கொண்டுபோனார். குண்டு கிடைக்கவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த எஃகுச் சுருள் கருவியைக் குழப்பியது என்பார்கள். மருத்துவர் உடம்பின் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார், குண்டு இருந்ததோ இடப்பக்கம். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சுற்றியிருக்கும் நிலைமை சரியில்லை என்றால் பிடிப்பவருக்குத்தான் கெட்ட பெயர். நம் பெண்ணுக்கு நடந்ததும் அதுதான். அவள் கையில் தவறில்லை, பேட்டரியில் இருந்தது.

அதனால் நாங்கள் கருவியை இரும்புக் கட்டிலிலோ ஸ்டீல் மேசையிலோ வைக்காமல், திண்ணையில் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல் வைத்துச் சோதித்தோம். ஒரே சாவி, ஒரே தூரம், பேட்டரி மட்டும் மாறும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் மாற்றாமல் வைப்பதுதான் சோதனை என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

பழைய சாதாரண பேட்டரியைச் சும்மா மீட்டரில் வைத்தால் 8 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. "நல்லாத்தானுங்க இருக்குது?" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். "வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கறப்போ எல்லாருமே பலசாலிதான் சாமி. மூட்டை தூக்கச் சொல்லிப் பாரு." பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டு மறுபடி அளந்தார். 9 வோல்ட்டை 470 ஆல் வகுத்தால் சுமார் 19 மில்லி ஆம்பியர், ஒரு சின்னச் சுமை. அந்தச் சுமைக்கே முள் 6க்குக் கீழே இறங்கிவிட்டது. கருவியில் போட்டால் விளக்கு எரிகிறது, சாவியை ஒட்டி வைத்தால்தான் ஒலிக்கிறது. ஒரு சாண் தள்ளி வைத்தால் மௌனம். விளக்கு எரிகிறதே என்று நம்பி அவள் நாள் முழுக்க நின்றிருக்கிறாள். பேட்டரி செத்துவிட்டால் பரவாயில்லை, தெரிந்துவிடும். பாதி உயிரோடு இருப்பதுதான் ஆபத்து.

புது அல்கலைன் பேட்டரி ஒன்று போட்டோம். சாவி ஒழுங்காகப் பிடிபட்டது, காற்றில் ஆட்டினால் சத்தமில்லை. ஆக, கருவி நல்ல கருவி.

அடுத்து அவள் ஆன்லைனில் வாங்கிய லித்தியம் பேட்டரி. மீட்டரில் துல்லியமாக 9 வோல்ட். சுமை வைத்தாலும் 9 வோல்ட். ஆனால் கருவியில் போட்டதும் எதுவும் இல்லாமலே கத்தல். காரணத்தைச் சொல்கிறேன். லித்தியம் அயான் செல் ஒன்று 3.7 வோல்ட். இரண்டைச் சேர்த்தால் 7.4. அதை 9 ஆக்குவதற்காக உள்ளே ஒரு சின்ன மின்சுற்று வைத்திருக்கிறார்கள். அது நொடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தைத் திறந்து மூடி, வோல்ட்டைத் தூக்கிவிடுகிறது. டார்ச்சுக்கும் பொம்மைக்கும் அதனால் தொந்தரவில்லை. மெட்டல் டிடெக்டரோ காந்தப்புலத்தில் வருகிற நுண்ணிய அசைவைக் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட காது. அந்தக் காதுக்குள்ளேயே ஒரு வண்டு ரீங்காரம் போட்டால் என்ன ஆகும்? இப்படிப்பட்ட எல்லாப் பேட்டரியும் எல்லாக் கருவியையும் கத்த வைக்கும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் திண்ணையில் கத்த வைத்தது.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. கடைசி வரை 9 வோல்ட்டையே காட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று படுத்துவிடும். பேட்டரி குறைகிறது என்று கருவி முன்கூட்டி எச்சரிக்க வழியில்லாமல் போகிறது.

அதன்மேல் போட்டிருந்த எண்ணையும் பாருங்கள். "4440" என்று பெரிய எழுத்து. கீழே பொடி எழுத்தில் மில்லி வாட் மணி. நாம் பேட்டரியில் வழக்கமாகப் பார்ப்பது மில்லி ஆம்பியர் மணி. கடையில் எம்.ஏ.எச். என்பார்கள். மில்லி வாட் மணியை வோல்ட்டால் வகுத்தால்தான் மில்லி ஆம்பியர் மணி வரும். 4440ஐ 7.4ஆல் வகுத்தால் 600. பொய் சொல்லவில்லை, ஆனால் பெரிதாகத் தெரிகிற அலகைத் தேர்ந்தெடுத்துப் போட்டிருக்கிறார்கள். கிலோமீட்டரில் சொல்ல வேண்டிய தூரத்தை மீட்டரில் சொன்னால் ஊர் தூரமாகிவிடாது. எண்ணைப் படிக்கும்போது அலகையும் சேர்த்துப் படியுங்கள் என்று நான் எத்தனை விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதியிருப்பேன்!

சரி, அப்படியானால் எதை வாங்குவது? இந்தக் கருவிக்கு நான் சொன்னது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதிலும் 8.4 வோல்ட் என்று போட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. சாதாரண 9 வோல்ட் கட்டைக்குள் 1.5 வோல்ட் செல் ஆறு இருக்கிறது. ஆறு ஒன்றரை ஒன்பது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று 1.2 வோல்ட்தான். ஆறு செல் வைத்தால் 7.2, ஏழு செல் வைத்தால் 8.4. இரண்டும் கடையில் ஒரே அளவுக் கட்டையாக, ஒரே மாதிரி அட்டையில் கிடைக்கும். முன்பக்கத்தில் இரண்டுக்குமே "9 வோல்ட் வகை" என்றுதான் இருக்கும். 9 வோல்ட்டை எதிர்பார்த்து வடிவமைத்த கருவியில் 7.2 கட்டையைப் போட்டால், முழுச் சார்ஜிலும் கொஞ்ச நேரத்திலேயே பேட்டரி குறைவு என்று விளக்கு காட்ட ஆரம்பித்துவிடும். அதனால் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் 8.4 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதன் கொள்ளளவு பெரிதாக இருக்காது. 200 மில்லி ஆம்பியர் மணி சுற்றுவட்டாரத்தில்தான் நல்ல கட்டைகள் இருக்கும். ஒருமுறை போட்டுத் தூக்கிப்போடும் அல்கலைன் கட்டை சுமார் 500 தரும். "அப்போ ரீசார்ஜ் நட்டம்தானுங்களே டீச்சர்?" என்று அவள் கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். பெரிய குடம் ஒன்றை ஒரே தடவை மொண்டு உடைத்துப்போடுவதா, சின்னச் செம்பை நூறு தடவை மொள்வதா?

கருவி எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்தோம். மல்டிமீட்டரைத் தொடராக இணைத்ததில் சுமார் 10 மில்லி ஆம்பியர். ஒலிக்கும்போது ஏறுகிறது. 200ஐ 10ஆல் வகுத்தால் 20 மணி நேரம். அவள் வேலையோ 12 மணி நேரம். ஒலிக்கிற நேரத்தைக் கழித்தாலும் ஒரு ஷிப்டுக்குத் தாராளமாகத் தாங்கும். ஆகவே இரண்டு கட்டை, ஒரு சார்ஜர் போதும். ஒன்று கருவியில், ஒன்று வீட்டில்.

இனி சார்ஜ் போடும் பாடம். பலரும் நல்ல பேட்டரி வாங்கிக் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் எத்தனை மில்லி ஆம்பியர் கொடுக்கும் என்று போட்டிருக்கும். அவளுக்கு வாங்கிய சார்ஜரில் 9 வோல்ட் கட்டைக்கு 20 என்று இருந்தது. 200ஐ 20ஆல் வகுத்தால் 10 மணி நேரம். ஆனால் 10 மணி நேரத்தில் நிறையாது. நிக்கல் பேட்டரியில் நாம் கொடுக்கிற மின்சாரம் முழுக்கச் சேமிப்பாகாது, கொஞ்சம் சூடாகப் போய்விடும். குறுகிய வாய்க் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் சிந்துவது மாதிரி. அந்தச் சிந்தலுக்காக 1.4ஆல் பெருக்க வேண்டும். 10 பெருக்கல் 1.4, 14 மணி நேரம். முழுக்கத் தீர்ந்த கட்டைக்கு இது.

அவளுடைய கட்டை முழுக்கத் தீர்வதில்லை. 12 மணி நேரம் ஓடினால் 120 மில்லி ஆம்பியர் மணி செலவு. 120 பெருக்கல் 1.4, வகுத்தல் 20. விடை 8.4 மணி நேரம். இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்ததும் மாட்டினால் காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் கழற்றிவிடலாம். இந்தக் கணக்கை அவளே போட்டாள். ஏழாம் வகுப்பில் தசமப் பெருக்கலுக்கு அழுத பெண்! எனக்கு அன்றைக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது.

விலை குறைந்த சார்ஜர் பலவற்றுக்கு நிறைந்ததும் தானாக நிறுத்தத் தெரியாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நாம்தான் கடிகாரம் பார்க்க வேண்டும். நல்ல சார்ஜர் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நிறையும் தருவாயில் அதன் வோல்ட் ஏறி உச்சிக்குப் போய், பிறகு ஒரு மயிரிழை கீழே இறங்கும். கூடவே சூடும் வேகமாக ஏறும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்ததும் சார்ஜர் நிறுத்திக்கொள்ளும். இது தெரியாத சார்ஜர் வைத்திருப்பவர்கள் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. தொட முடியாத சூடு என்றால் உடனே கழற்றுங்கள்.

நம் ஊரில் தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை வெயிலில் காயவைத்து மறுபடி ரேடியோவில் போடுவோம். சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகமெடுக்கும், கால் மணி நேரம் பாட்டு கேட்கலாம். புதிதாக ஒரு சொட்டு மின்சாரமும் வந்துவிடாது. ரீசார்ஜ் பேட்டரியை அப்படிச் செய்யவே கூடாது. சூடுதான் அதன் ஆயுளைத் தின்கிறது. பைக் டேங்க் கவரில், பூட்டிய காருக்குள், அடுப்படி மேடையில் வைக்காதீர்கள்.

அதேபோல ஒரேயடியாக வற்றவும் விடாதீர்கள். 8.4 கட்டைக்குள் ஏழு செல் வரிசையாக நிற்கிறது. எல்லாம் ஒரே பலத்தில் இருக்காது. பலவீனமான செல் முதலில் காலியாகும். மற்ற ஆறும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால், அந்தக் காலி செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகிக் கெட்டுப்போகும். ஒரு செல் போனால் கட்டையே போச்சு. செல்லுக்கு 1 வோல்ட் என்று கணக்கு வைத்து, சுமையோடு அளக்கும்போது 7 வோல்ட் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கருவியின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் "இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டலாம்" என்று இழுக்க வேண்டாம்.

மூன்று விஷயம் கட்டாயம். ஒன்று, லித்தியம் கட்டையை நிக்கல் சார்ஜரில் மாட்டாதீர்கள், தீப்பிடிக்கும். இரண்டு, ரீசார்ஜ் என்று எழுதாத சாதாரண பேட்டரியை எந்தச் சார்ஜரிலும் போடாதீர்கள், கசியும், வெடிக்கவும் செய்யும். மூன்று, 9 வோல்ட் கட்டையைச் சாவியோடும் சில்லறையோடும் கைப்பையில் போடாதீர்கள். இரண்டு பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒரு சாவி குறுக்கே விழுந்தால் போதும், பை சூடாகிப் புகையும். பொத்தான்மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் கவலையில்லை. நாக்கை வைத்து "சுர்" என்கிறதா என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அதையும் விட்டுவிடுங்கள்.

கட்டைகளில் மார்க்கரால் "அ", "ஆ" என்று எழுதினோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, எந்தக் கட்டை, எத்தனை மணிக்கு மாட்டியது, எத்தனை மணிக்கு எடுத்தது, காலையில் வேலை தொடங்கும் முன் சாவிச் சோதனை சரியா. ஐந்தே கட்டம். தினமும் ஒரு வரி.

இதைச் சொல்லும்போது, இங்கிலாந்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான். அங்கே வயலில், நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரோடு பழைய காசு தேடுவது ஒரு பொழுதுபோக்கு. புதையல் என்று சட்டம் சொல்லும்படி ஏதாவது கிடைத்தால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கு 1996ல் போட்ட தனிச் சட்டமே இருக்கிறது. அவன் கருவியில் நான்கு பென்சில் பேட்டரி. "டீச்சர், ரெண்டு மணி நேரத்துல படுத்துருதுங்க" என்று வாட்ஸப்பில் புலம்பினான். போட்டோ அனுப்பச் சொன்னேன். நான்கில் இரண்டு புதுசு, இரண்டு மூன்று வருடப் பழசு!

நுகத்தில் ஒரு பக்கம் காங்கேயம் காளையும் மறுபக்கம் நோஞ்சான் கன்றும் பூட்டினால் வண்டி கன்றின் வேகத்தில்தான் போகும், கடைசியில் கன்றும் விழுந்துவிடும். நான்கு செல்லையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகப் போட்டு, ஒன்றாகச் சார்ஜ் செய்யுங்கள். ஒரு குடும்பம் மாதிரி. ஒரு செட்டுக்கு ஒரே நிறத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

பென்சில் பேட்டரி வாங்குவோருக்கு இன்னொரு குறிப்பு. பழைய வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், சும்மா டிராயரில் கிடந்தாலே சில மாதங்களில் பெரும்பகுதி வடிந்துவிடும். 2005ல் ஜப்பானில் சான்யோ கம்பெனி எனலூப் என்ற பெயரில் வடிதல் குறைவான செல்லைக் கொண்டுவந்தது. இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது. அதுபோன்ற வகையை வேறு கம்பெனிகளும் செய்கின்றன. ஒரு வருடம் அலமாரியில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். அதன்மேல் 2000 என்று போட்டிருக்கும். பக்கத்தில் யாரும் கேள்விப்படாத பெயரில் "4000" என்று போட்டு, விலை பாதியில் ஒன்று தொங்கும். பென்சில் அளவு நிக்கல் செல்லில் 4000 அடைக்கவே முடியாது. ஒரு படி உழக்கில் இரண்டு படி அரிசி அளப்பதாகச் சொல்பவனிடம் வியாபாரம் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ரீசார்ஜ் போட வேண்டும் என்பதும் இல்லை. சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும், சாதாரண செல்லே மாதக்கணக்கில் ஓடும். குழந்தைகளின் ஓடும் பொம்மை, கேமரா, அடிக்கடி எரியும் டார்ச், இவற்றுக்குத்தான் ரீசார்ஜ் லாபம். பிரஷர் பார்க்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதோடு வந்த புத்தகத்தில் ரீசார்ஜ் செல் போடலாமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மே மாதப் பரீட்சை நாளைச் சொல்லாமல் விட்டால் என்னை விடமாட்டீர்கள். காலையில் வாசலிலேயே சாவிச் சோதனை செய்து நோட்டில் எழுதிவிட்டு நின்றிருக்கிறாள். "அ" கட்டை கருவியில், "ஆ" கட்டை டேப் ஒட்டிச் சட்டைப் பையில். பக்கத்து வரிசையில் கருவி சும்மா சும்மா கத்த, ஒரு பிள்ளையை மூன்று தடவை திருப்பி நிறுத்தி, கொண்டை ஊசியையும் கொலுசையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அழுதுவிட்டது. மணி ஒன்றேகால். இவள் கூப்பிட்டுத் தன் கருவியால் ஒரே தடவை பார்த்து, "ஒண்ணுமில்ல கண்ணு, தண்ணி குடிச்சிட்டு உள்ள போ" என்று அனுப்பியிருக்கிறாள். அப்புறம் அந்த வரிசைக் கருவிக்கு "ஆ" கட்டையைக் கொடுத்தாள். கத்தல் நின்றது.

இரண்டு வருடம் படித்து வந்த பிள்ளைக்கு, உள்ளே போகும் கடைசி நிமிடத்தில் கை நடுங்குவதும் நடுங்காமல் இருப்பதும் யாரோ ஒருத்தி முதல்நாள் இரவு பேட்டரியை ஒழுங்காகச் சார்ஜ் போட்டாளா என்பதில் இருக்கிறது. இதைத்தான் எனக்கு உங்களிடம் சொல்ல வேண்டும். சோதனை போடுகிற நாம் எல்லாரும், முதலில் நம் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் எதிரில் நிற்பவரைச் சோதிக்க வேண்டும். உங்களில் ஆசிரியராக, போலீஸாக, நர்ஸாக, டாக்டராக இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

பிடித்த ஒரு நாள் சம்பளம் திரும்பி வரவில்லை. ஆனால் அவள் நோட்டைக் கம்பெனி ஆபீசில் காட்டி, "எனக்குப் பேட்டரி நான் வாங்கமாட்டேனுங்க, இதுதான் கணக்கு, நீங்க வாங்கிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். மாதம் மூன்று பேட்டரி வாங்குகிற செலவில் சில மாதத்திலேயே இரண்டு கட்டையும் சார்ஜரும் கழிந்துவிடும் என்று எழுதியே கொடுத்திருக்கிறாள். "பார்க்கலாம்" என்றார்களாம். பதில் இன்னும் வரவில்லை. வாசலில் நிற்கிற பெண்ணின் சம்பளத்திலிருந்து கருவிக்குச் சாப்பாடு போடுவது எந்த ஊர் நியாயம்? நம் கூட்டத்தில் இப்படிக் கம்பெனி நடத்துகிறவர்கள் மூன்று பேராவது இருக்கிறீர்கள். உங்களுக்குச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கடைசியாக வீட்டுப்பாடம். எவ்வளவு வயதானாலும் என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் உண்டு.

இன்றைக்கே டிவிக்குக் கீழ் டிராயரைத் திறந்து செத்த பேட்டரிகளை எல்லாம் வெளியே எடுங்கள். ஓடாத பொம்மைக்குள், பழைய ரேடியோவுக்குள் இருப்பதையும் கழற்றுங்கள். கசிந்து கருவியையே அரித்துவிடும். அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். பேட்டரியில் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது அதற்காகத்தான். 2022ல் மத்திய அரசு போட்ட பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. மின்கழிவு வாங்கும் இடம் உங்கள் ஊரில் எங்கே என்று விசாரித்து, ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக் கொடுங்கள்.

எத்தனை செத்த பேட்டரி கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். எங்கள் வீட்டில் பதினேழு. அதில் பதினொன்று எங்கள் வீட்டுக்காரர் "எதுக்காவது ஆகும்" என்று எடுத்து வைத்தது. அவர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எல்லாரும் நன்றாக இருங்கள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்